பீச் ஸ்டேஷன் பாட்டும் டார்ச் லைட் பேட்டரியும்

1

வெளிநாட்டில் ஒரு மெஷின் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கெட்டுப்போன கேசட்டை இந்தப் பக்கம் போட்டால் அந்தப் பக்கம் சரியான குரலாக வந்து விழும். மாவு மில் மாதிரி. பக்கத்தில் வெள்ளைக் கோட் போட்ட ஒருவர் நின்று அதைத் தட்டில் பிடித்துக் கொடுப்பார். இதை நான் எங்கேயும் படிக்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை. தாம்பரத்துக்குப் பக்கத்தில் இரும்புலியூரில் உட்கார்ந்துகொண்டு நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு விட்டிருக்கலாம். அண்ணியிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன்.

மெல்போர்னுக்கு வந்து பல வருஷமாகிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஊருக்குப் போன் செய்தேன். அண்ணன் மகள் பியூலா எடுத்தாள். ஏழாவது படிக்கிறாள்.

"சித்தப்பா, அப்பா சூப்பரா பாடுவாராமே? கஜா அங்கிள் சொன்னாரு."

"பின்ன? அவர் பாடினா எலக்ட்ரிக் ட்ரெயினே நின்னு கேட்டுட்டுப் போகும்."

"அந்த டேப் உங்ககிட்டதான் இருக்காமே. அம்மா சொன்னாங்க."

"ஆமாம்மா. ரிப்பேர்ல இருக்கு."

"எவ்ளோ வருஷமா?"

அந்தக் கேசட்டுக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இங்கே ஒரே மழை என்று சொல்லிவிட்டு ரிசீவரை மனைவியிடம் கொடுத்தேன். வெளியே நல்ல வெயில். மனைவி என்னைப் பார்த்தாள், நான் வெயிலைப் பார்த்தேன்.

அண்ணன் ஜெயசீலனுக்குக் குரல் கிடையாது. பியூலா கைக்குழந்தையாக இருந்தபோது ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. காற்றை விழுங்கி, ஏப்பம் விடுவது போல ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளப் பழகியிருக்கிறார். பியூலாவுக்கு அது முழுக்கப் புரியும். அவளுக்குத் தெரிந்த அப்பா குரல் அதுதான். எனக்குப் போனில் ஒரு எழுத்தும் பிடிபடாது. அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு தட்டு தட்டினால் இல்லை. இரண்டு தட்டு தட்டினால் ஆமாம். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே அண்ணன் வீடு கட்டினார், கடன் அடைத்தார், என்னோடு சண்டையும் போட்டார்.

குரல் இருந்த காலத்தில், கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டால் வந்திருப்பது அண்ணனா தம்பியா என்று அண்ணிக்கே சந்தேகம் வரும். அச்சு அசல் ஒரே குரல். பாட ஆரம்பித்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அவர் பாடினால் உட்காருவார்கள். நான் பாடினால் எழுந்து போய்விடுவார்கள்.

2

எண்பதுகளின் நடுவில் அண்ணனுக்கு எழும்பூரில் குமாஸ்தா வேலை. தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவார். போகும்போது ஒரு சரணம், வரும்போது ஒரு சரணம் என்று மனதுக்குள்ளேயே கட்டி, ஒருநாள் சாப்பிடும்போது அறிவித்தார்: தாம்பரம் முதல் பீச் வரை ஸ்டேஷனுக்கு ஒரு பாட்டு. மொத்தமும் ஒரே கேசட்டில். வீட்டிலேயே ரெக்கார்டிங்.

எங்களிடம் இருந்தது அவருடைய ஹார்மோனியம், வளைகுடாவிலிருந்து என் மைத்துனன் கொண்டுவந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர், அப்புறம் கஜாவின் டோலக். கஜா என்கிற கஜேந்திரன் இரும்புலியூரின் பழைய விவசாயக் குடும்பம். நிலம் மனைகளாகிவிட்ட பிறகு ஹார்டுவேர் கடை போட்டிருந்தான். அண்ணனைவிடப் பெரியவன்தான், ஆனாலும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவான்.

அண்ணன் ஸ்டேஷன்களைத் தெருக்காரர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார். மாம்பலத்துக்கு அடிதடி. சைதாப்பேட்டை கிடைத்த ஒரு அம்மா ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை.

"இன்னா சார், எனக்குப் போயி குரோம்பேட்டயா?" என்றான் கஜா. "மெயில் வண்டி நிக்கிற எடமா ஒண்ணு குடுக்கக் கூடாதா? ஒரு எக்மோரு?"

"எக்மோர்ல நான் வேலை பாக்கறேன் கஜா. அத பாட்டுல வேற பாக்கணுமா?"

எனக்குக் கிடைத்தது சானடோரியம், காசநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஸ்டேஷன். அதில் எனக்குப் பாட்டு இல்லை, இருமல் மட்டும். மற்றவர்கள் பாடும்போது பின்னாலிருந்து நான் இரண்டு இடத்தில் இரும வேண்டும். "உனக்குன்னே எழுதினது" என்றார் அண்ணன். ரெக்கார்டிங் அன்று மைக்கைப் பார்த்ததும் எனக்கு இருமல் வரவில்லை. நாடகத்தில் முதல் தடவை மேடையேறிய பையன் மாதிரி நின்றேன். எல்லாரும் திட்டிய பிறகு வந்தது. வந்தது நிற்கவில்லை. அந்தப் பாட்டு இப்போதும் என் இருமலில்தான் முடிகிறது.

ரெக்கார்டிங் என்றால் ஜன்னலில் போர்வை, ஃபேனுக்கு ஓய்வு, குழந்தைக்கு வாயில் விரல். தண்டவாளம் பக்கத்திலேயே. வண்டி வரும் சத்தம் கேட்டால் கை தூக்குவது கஜாவின் வேலை. தாம்பரம் விமானப்படைக்காரர்கள் பயிற்சிக்கு எழும்பினால் அரை நாள் போச்சு. பல்லாவரம் பாட்டில் இரண்டாவது சரணத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கிறது. அதை கார்டு விசில் என்று வைத்துக்கொண்டோம்.

எல்லா ஸ்டேஷனையும் தானம் செய்த அண்ணன், கடைசி ஸ்டேஷனை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டார். பீச் பாட்டை அவர் ஒருவர்தான் பாடவேண்டும். தொண்டை கொஞ்சம் கட்டியிருந்தது. சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டார். மிளகுப் பால் குடித்தார், மாத்திரை போட்டார், பேசாமல் இருந்தும் பார்த்தார். சரியாகவில்லை. பிறகு டாக்டர்கள், குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று சொன்னார்கள். திங்கட்கிழமை அட்மிஷன்.

அதை அண்ணி சொன்னபோது வீட்டில் யாரும் அழவில்லை. அண்ணன் காலண்டரைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம இருக்குல்ல?" என்றார். குரல் உடைந்து உடைந்து வந்தது. "இவ கேக்கணும்டா. அவ்ளோதான். அப்பனுக்கு ஒரு குரல் இருந்துச்சுன்னு இவளுக்குத் தெரியணும்."

பியூலா அண்ணியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

3

சம்ப் யோசனை கஜாவுடையது. செம்பாக்கத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தான். தரைக்குள் தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்து, காயவிட்டிருந்தான்.

"சார், உள்ள எறங்கி தும்முனேன். மூணு தபா கேட்டுச்சு. சமுத்திரத்துக்குப் பக்கத்துல நிக்கிற மாரி கீது. ரயிலு சத்தம் இல்ல. ஞாயித்துக்கெழம ஏரோப்ளேனும் வராது."

"கரண்ட்?"

"கம்பம் வரைக்கும் வந்துகீது சார். வூட்டுக்கு வர்ல. ஆபீஸ்ல கேட்டா, வரும் வரும்ன்றான்."

எனவே பேட்டரியில்தான் ஓட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது. கஜாவின் கடையில் குழாய் இருக்கும், ஆணி இருக்கும், பேட்டரி இருக்காது. எங்கள் வீட்டு டார்ச், அவன் வீட்டு டார்ச் இரண்டையும் காலி செய்தோம்.

"பழசுண்ணே" என்றேன்.

"டார்ச் எரியுதா?"

"எரியுது."

"எரிஞ்சா ஓடும். போடுறா."

எங்கள் குடும்பத்தில் எல்லாப் பெரிய முடிவுகளும் இந்த அளவு யோசித்துத்தான் எடுக்கப்படும்.

ஏணி வைத்து அண்ணனும் நானும் உள்ளே இறங்கினோம். ஹார்மோனியம் அந்த வாய்க்குள் நுழையவில்லை. மேலே விளிம்பில் அண்ணி உட்கார்ந்து, அண்ணன் காட்டிய ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு துருத்தி போட்டார்கள். குழந்தை கஜாவின் தோளில். என் மடியில் டூ-இன்-ஒன். புது சிமெண்ட் வாசனை. தலைக்கு மேலே சதுரமாகக் கொஞ்சம் வானம்.

அண்ணன் பாடினார். நான் அப்போது என்ன உணர்ந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில், இருமல் வந்துவிடுமோ என்ற பயத்தில் சட்டைக் காலரை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தேன். குரல் வந்தது. கரகரப்போடு வந்தது, ஆனால் உடையவில்லை. வண்டி காலியாகிவிட்டது, இறங்கவேண்டியவன் நான் ஒருவன்தான், எதிரே தண்ணீர் என்று முடியும் பாட்டு. கடைசி வரியைத் தொட்டியின் நான்கு சுவரும் திருப்பிச் சொல்லின. ஏறி வந்தபோது அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்.

வீட்டுக்கு வந்து, கரண்ட்டில் சொருகிப் போட்டுக் கேட்டோம். முதல் வரி அண்ணன். இரண்டாவது வரியும் ஏறக்குறைய அண்ணன். அதற்குப் பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ஹார்மோனியமும் கூடவே ஏறியது. பாடப் பாட பேட்டரி தேய்ந்து, டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும்போது பிடித்ததை சரியான வேகத்தில் போட்டால் குரல் கீச்சென்றுதான் வரும். இந்த விஞ்ஞானம் எங்களுக்கு அப்போது ஒரு நிமிஷம் கழித்துத்தான் புரிந்தது. கடைசி வரியை ஒரு குழந்தை பாடியது.

"இன்னா சார் இது!" என்றான் கஜா. "தாம்பரத்துல பெரியவரு ஏறுனாரு, பீச்சுல எல்கேஜி பையன் எறங்கறான்!"

எல்லாரும் சிரித்தோம். அண்ணன்தான் அதிகம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு இன்னொரு தடவை பாடலாம் என்று வாயைத் திறந்தார். காற்று வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தார். காற்றுதான் வந்தது. அண்ணி எழுந்துபோய் ஆஸ்பத்திரிப் பையில் துண்டு எடுத்து வைத்தார்கள்.

எனக்கு வீட்டில் அந்த மாதிரி நிசப்தம் வந்தால் ஏதாவது உளறியாக வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பம் போட்டிருந்த தெம்பு வேறு.

"அண்ணி, இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல. வெளிநாட்டுல இதுக்குன்னே மெஷின் இருக்கு."

"நெஜமாவா தம்பி?"

"பின்ன!"

அண்ணன் என்னைப் பார்த்தார். கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

4

மெல்போர்ன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. விலங்கு அல்லது தாவரம் சார்ந்த பொருள் ஏதாவது உண்டா? சீருடையைப் பார்த்தால் நான் கேட்காததற்கும் பதில் சொல்லிவிடுவேன். மாங்காய் ஊறுகாய், கருவாட்டுப் பொடி, கறிவேப்பிலை, கடைசியில் கேசட் என்று எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைத்தேன். ஊறுகாய் குப்பைக்குப் போனது. கேசட்டைத் தூக்கி, இதில் என்ன என்றார்.

"மை பிரதர்" என்றேன்.

கேசட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பிறகு வேலை, வாடகை வீடு, சொந்த வீடு. காலையில் ரயில், சாயங்காலம் ரயில். ஸ்டேஷன் பெயர்களை ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே வரும். ஒரு பெயருக்கும் எனக்குள் பாட்டு வந்ததில்லை. இறங்கும் இடம் வந்தால் இறங்குவேன். மெஷினைத் தேடினேனா என்றால், தேடவில்லை. தேடினால் இல்லை என்று தெரிந்துவிடுமே. கேசட் ஷூ டப்பாவில் இருந்தது. தேடாத வரைக்கும் மெஷினும் எங்கேயோ இருந்தது.

என் மகன் ஜோயலுக்கு 'சாப்பிடு', 'போதும்' இரண்டும் தமிழில் புரியும். மற்றதெல்லாம் ஆங்கிலம். பியூலாவின் கேள்விக்குப் பிறகு நான் டப்பாவைத் திறந்து பாட்டைப் போட்டபோது, அவன் சோற்றுத் தட்டோடு வந்து நின்று கேட்டான்.

"இரண்டு பேர் பாடுகிறார்களா, டாட்? கடைசியில் பாடுகிற குழந்தை யார்?"

"பெரியப்பா."

"முதலில் பாடுகிறவர்?"

"அதுவும் பெரியப்பாதான்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு, தன் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு கடை இருக்கிறது, பழைய டேப்பெல்லாம் மாற்றிக் கொடுப்பார்கள் என்றான். சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனான். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனதாக எழுத ஆசைதான்.

5

கடைக்காரர் கோஸ்டா என்ற கிரேக்கர். கல்யாண வீடியோ எடுக்கிறவர். என் ஆங்கிலத்தில் விளக்கினேன். பாடும்போது 'கரண்ட்' வீக்காக இருந்தது என்றேன்.

"ஆற்றிலா பாடினார்?"

"இல்லை, தண்ணீர்த் தொட்டியில்."

கோஸ்டா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். ஜோயல் நெற்றியை மேஜைமேல் வைத்துக்கொண்டான். பிறகு அவனே விளக்கினான்.

மெஷின் இருந்தது. சாதாரண கேசட் டெக்தான், ஓரத்தில் கட்டைவிரல் அளவு ஒரு குமிழ். இடப்பக்கம் திருப்பினால் வேகம் குறையும், வலப்பக்கம் திருப்பினால் கூடும். நான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். வேறு ஒன்றும் இல்லை. வெள்ளைக் கோட்டும் இல்லை.

"சரியாக வந்ததும் சொல்லுங்கள்" என்று குமிழைத் திருப்ப ஆரம்பித்தார்.

எது சரி? அண்ணன் குரலை நினைத்துப் பார்த்தேன். ஞாபகத்தில் வந்தது ஏப்பம். இன்னும் கொஞ்சம் நினைத்தேன். ரிசீவரில் நகம் தட்டும் சத்தம் வந்தது. "கொஞ்சம் இடது" என்றேன். "இல்லை, வலது." "இதுதான். இல்லை, இது இல்லை." எப்படித் திருப்பினாலும் அண்ணன் மாதிரி இருந்தது. எப்படித் திருப்பினாலும் யாரோ மாதிரியும் இருந்தது.

"பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறதே, அது என்ன?" என்றார் கோஸ்டா.

"ஹார்மோனியம்."

"அது இன்னும் இருக்கிறதா? அதன் சுருதி மாறியிருக்காதே."

அன்றைக்கே போன் செய்தேன். மனைவியின் டேப் ரெக்கார்டரை ரிசீவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டேன். புது பேட்டரி. உறை பிரித்ததை நானே இரண்டு தடவை சரிபார்த்தேன்.

"எந்தக் கட்டைன்னு எனக்கென்ன தம்பி தெரியும்?" என்றார்கள் அண்ணி. "அவர் என் வெரலப் புடிச்சி வெச்சாரு, நான் அழுத்தினேன். குழந்தை அழுதுடுமோன்னு நான் அந்தப் பக்கமே பாத்துக்கினு இருந்தேன்."

அண்ணி யாரிடமோ ஏதோ சொன்னார்கள். நாற்காலி நகரும் சத்தம். துருத்தியின் மூச்சு. பிறகு ஒரே ஒரு ஸ்வரம், அசையாமல் வந்துகொண்டே இருந்தது.

"அண்ணே, இதானா?"

இரண்டு தட்டு.

நான் போதும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவரும் விடவில்லை. லைன் தானாகக் கட் ஆகும் வரைக்கும் அது ஓடியது.

6

அடுத்த சனிக்கிழமை கோஸ்டா ஒரு காதில் போனில் பிடித்த ஸ்வரத்தையும் மறு காதில் பாட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குரல் மேலே ஏற ஏற, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர் மாதிரி இருந்தது. பல தடவை தவறி, பல தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசித் தடவை முதல் வரியில் ஏறிய மனிதரே கடைசி வரியில் இறங்கினார்.

எனக்கு அழுகை வரும் என்று கைக்குட்டை கொண்டுபோயிருந்தேன். வரவில்லை. குளிர்காலத்தில் கையுறை இல்லாமல் நடந்தால் விரல் நம்முடையதா என்று கிள்ளிப் பார்ப்போமே, அப்படி இருந்தது.

"நன்றாக இருக்கிறது" என்றான் ஜோயல். காரில் ஏறியதும் ரேடியோ போடலாமா என்று கேட்டான். போடு என்றேன்.

கேசட்டை அனுப்பினேன். போய்ச் சேர்ந்த தகவல் வந்த ஞாயிற்றுக்கிழமை, போனை அண்ணி எடுத்தார்கள்.

"கேட்டீங்களா அண்ணி?"

"கேட்டோம் தம்பி. பியூலா முழுசாக் கேட்டா. எழுந்திரிக்கவே இல்ல."

"அண்ணன்?"

"பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு."

"பியூலா என்ன சொன்னா?"

பின்னால் ஒரு வண்டி போய் முடிந்தது.

"அவளுக்கு உங்க குரல்தானே தம்பி தெரியும். வாராவாரம் கேக்கறா. கேட்டு முடிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. அப்பா டேப் ரிப்பேர் ஆகலேன்னு சித்தப்பாவே பாடி அனுப்பிட்டாங்கன்றா."

"நீங்க சொல்லலையா?"

"வாயத் தொறந்தேன். அதுக்குள்ள இவர்கிட்ட திரும்பி, 'இது சித்தப்பாதானேப்பா'ன்னா. இவர் மேஜைல ரெண்டு தட்டு தட்டிட்டாரு."

பியூலா ரிசீவரை வாங்கினாள்.

"சித்தப்பா, மாட்டிக்கிட்டீங்களா? ஆனா செமயா பாடறீங்க. ஒரே ஒரு லைன் பாடுங்க, இப்ப."

தொண்டை சரியில்லையம்மா என்று சொல்லி, இருமிக் காட்டினேன்.